செவ்வியல் நாவல்களில் பெண்ணின் அடிமைநிலையும் சுதந்திரமும் எப்படிக் காட்டப்பட்டுள்ளன?

இந்தக் கேள்விக்குப் பலரும் கதாநாயகிகள் பேசும் வீர வசனங்களை எடுத்துக்காட்டிப் பதில் சொல்வார்கள். நானோ, அந்த நாவல்களில் பணமும் சாவியும் யார் கையில் இருக்கின்றன என்று பார்க்கச் சொல்வேன். குறிப்பாக 19ஆம் நூற்றாண்டு ஆங்கில நாவல்களில் இது அப்பட்டமாகத் தெரியும்.

காரணம் அன்றைய சட்டம். மணமான பெண்ணின் சம்பாத்தியம் அவளுக்கே உரியது என்று இங்கிலாந்து ஒப்புக்கொண்டது 1870இல்தான். சொத்தைத் தன் பெயரிலேயே வைத்துக்கொள்ளும் உரிமை 1882இல் வந்தது. அதற்கு முன், தனியாக ஒப்பந்தம் எழுதி வைத்திருந்தாலொழிய, அவளுடைய பணம் கணவனுடைய பணம்.

சார்லட் பிரான்டேயின் 'ஜேன் அயர்' (1847) நாவலில் ஜேன் பள்ளி ஆசிரியையாக ஆண்டுக்கு 15 பவுண்டும், பிறகு ரோச்செஸ்டர் என்ற செல்வந்தரின் மாளிகையில் வீட்டு ஆசிரியையாக 30 பவுண்டும் சம்பளம் வாங்குகிறாள். அவரை மணக்கச் சம்மதித்ததும் அவர் அவளைத் துணிக்கடைக்கும் நகைக்கடைக்கும் அழைத்துப் போகிறார். அவர் வாங்கிக் கொடுக்கக் கொடுக்க, எரிச்சலாலும் அவமானத்தாலும் அவள் முகம் சிவக்கிறது. களைத்துப்போய் வண்டியில் சாயும்போதுதான், மதீராத் தீவில் தன் தந்தையின் சகோதரர் ஒருவர் இருப்பது அவளுக்கு நினைவு வருகிறது. தனக்கென்று கொஞ்சமாவது பணம் இருந்தால் இந்தக் கூச்சம் இருக்காது என்று எண்ணி, அவருக்குக் கடிதம் எழுதுகிறாள். அந்தக் கடிதம் வழியே செய்தி எட்ட வேண்டியவருக்கு எட்டியதால்தான், ரோச்செஸ்டருக்கு ஏற்கெனவே மனைவி இருப்பது தேவாலயத்தில் வெளிப்பட்டுத் திருமணம் நின்றுபோகிறது. பின்னர் அதே உறவினரின் சொத்தாக 20,000 பவுண்டு வர, அதை மூன்று உறவினர்களோடு பங்கிட்டு, தனக்கு 5,000 வைத்துக்கொள்கிறாள்.

மாடியில் பூட்டி வைக்கப்பட்ட அந்த முதல் மனைவி பெர்த்தா கொண்டுவந்தது 30,000 பவுண்டு. ஜேனின் பணத்தைப் பைசா சுத்தமாகக் கணக்குப் பார்க்கும் நாவல், பெர்த்தாவின் பணத்தைப் போகிற போக்கில் சொல்லிவிட்டு நகர்ந்துவிடுகிறது. அவள் தரப்பிலிருந்து அந்தக் கதையைக் கேட்க, ஜீன் ரீஸ் எழுதிய 'வைட் சர்காசோ சீ' (1966) வரை வாசகர்கள் காத்திருக்க வேண்டியிருந்தது.

தங்கை ஆன் பிரான்டேயை நான் ஒரு படி மேலே வைப்பேன். அவருடைய 'தி டெனன்ட் ஆஃப் வைல்ட்ஃபெல் ஹால்' (1848) நாவலில், குடிகாரக் கணவனிடமிருந்து மகனை அழைத்துக்கொண்டு வெளியேறி, படம் வரைந்து பிழைத்துக்கொள்ளலாம் என்று ஹெலன் நாட்குறிப்பில் எழுதி வைக்கிறாள். கணவன் அதைப் பிடுங்கிப் படித்துவிட்டு, முதலில் கேட்பது சாவிகளை. பணத்தையும் நகைகளையும் எடுத்துக்கொள்கிறான். தூரிகைகளையும் வண்ணங்களையும் நெருப்பில் போடுகிறான். அடி உதை இல்லாத இந்தக் காட்சியைப் போல ஒடுக்குமுறையை உரித்துக் காட்டிய பக்கங்கள் அக்கால நாவல்களில் குறைவு.

பிறகு தப்பித்துப் போனவள் தாயின் பிறந்த வீட்டுப் பெயரில் ஒளிந்து வாழ்ந்து ஓவியங்களை விற்கிறாள். கணவன் மோப்பம் பிடித்துவிடக் கூடாது என்பதற்காக, வரைந்த இடத்தின் பெயரைக்கூடப் படத்தில் மாற்றித்தான் எழுதுகிறாள். மகனை அழைத்துச் செல்லச் சட்டப்படி அவளுக்கு உரிமையில்லை. விற்ற காசும் சட்டப்படி அவளுடையதில்லை. (ஹெலனுக்கும் இறுதியில் மாமாவின் சொத்து வருகிறது, உண்மைதான், ஆனால் அவள் அதை நம்பி வீட்டை விட்டு இறங்கவில்லை.)

இங்கிலாந்துக்கு வெளியிலும் கதை வேறில்லை. பிரெஞ்சு எழுத்தாளர் ஃப்ளோபேரின் 'மதாம் பொவாரி'யில் நாயகி எம்மாவின் கழுத்தை இறுதியாக நெரிப்பது காதலர்களைவிடத் துணி வியாபாரியிடம் அவள் எழுதிக் கொடுத்த கடன் பத்திரங்கள்தான்.

கணவன் சாகக் கிடக்கும்போது பணிவிடை செய்ய ஹெலன் திரும்பிப் போவது பல வாசகர்களுக்குப் பிடிப்பதில்லை. முதல் முறை படித்தபோது எனக்கும் பிடிக்கவில்லை. மறுபடி படித்தபோதுதான் ஒன்று கண்ணில் பட்டது. மகனைப் பார்க்க வேண்டும் என்று அவன் கேட்கிறான். பிள்ளை என் பொறுப்பிலேயே இருப்பான் என்று எழுத்தில் உறுதி கொடுத்து, சாட்சியின் முன்னால் கையெழுத்துப் போட்டால்தான் காட்டுவேன் என்கிறாள் ஹெலன். அவன் கையெழுத்துப் போட்ட பிறகே பிள்ளையை அழைத்து வருகிறாள்.