ஃபுட்பால் தெரியாமல் ஜோசியம் சொல்வது எப்படி?

கேள்வி: ஒஹாயோ மாநிலம் கொலம்பஸில் இரண்டு வருடமாக வேலை பார்க்கிறேன். ஆகஸ்ட் கடைசியில் கல்லூரிகளின் அமெரிக்கன் ஃபுட்பால் சீசன் தொடங்கிவிட்டால் எங்கள் ஆபீஸில் ஒரு கூத்து நடக்கும். வியாழக்கிழமைதோறும் ஒருவர், அந்தச் சனிக்கிழமை ஆட்டங்களில் பத்தை எடுத்து, யார் ஜெயிப்பார்கள் என்று கிண்டலாக எழுதி எல்லோருக்கும் அனுப்புவார். மற்றவர்களும் தங்கள் கணிப்பைச் சொல்வார்கள். எழுதிக்கொண்டிருந்தவர் வேலை மாறிப் போனதும், நான் தமாஷாகப் பேசுவேன் என்று அதை என் தலையில் கட்டிவிட்டார்கள். பந்தைக் கையில் வைத்துக்கொண்டு ஓடுவார்கள் என்பதைத் தவிர எனக்கு ஒன்றும் தெரியாது. மானம் போகாமல் எப்படிச் சமாளிப்பது?
– பெயர் வேண்டாம், கொலம்பஸ்

பதில்: மானம் போகத்தான் போகிறது, சகோதரி. அதைப் பார்க்கத்தான் எல்லோரும் காத்திருக்கிறார்கள்.

விவரம் தெரிந்தவர்கள் மட்டும் என்ன கிழித்தார்கள்? 2024 செப்டம்பர் 7 அன்று, தரவரிசையில் 5-வது இடத்தில் இருந்த நோட்டர் டேம் பல்கலைக்கழக அணி, சொந்த மைதானத்தில் நார்தர்ன் இல்லினாயிடம் 16-14 என்று தோற்றது. நோட்டர் டேம் சுமார் 28 புள்ளி வித்தியாசத்தில் ஜெயிக்கும் என்பது பந்தயக்காரர்கள் போட்ட கணக்கு. அதே வருடம் நவம்பர் 30 அன்று உங்கள் ஊரிலேயே, ஏறக்குறைய 20 புள்ளியில் ஜெயிக்கும் என்று எதிர்பார்த்த உங்கள் ஊர்ப் பல்கலைக்கழக அணி ஒஹாயோ ஸ்டேட், மிஷிகனிடம் 13-10 என்று மண்ணைக் கவ்வியது. அப்புறம் 2025 ஜனவரியில் தேசிய சாம்பியன் பட்டத்துக்கு மோதிய இரண்டு அணிகள் எவை? இதே நோட்டர் டேமும் ஒஹாயோ ஸ்டேட்டும்தான். ஒஹாயோ ஸ்டேட் 34-23 என்று ஜெயித்துக் கோப்பையையும் தூக்கிவிட்டது. எந்தக் கிளி எந்தச் சீட்டை எடுத்து இதைச் சொல்லியிருக்கும்?

அதனால் சரியாகச் சொல்வதைப் பற்றிக் கவலைப்படாதீர்கள். அடித்துச் சொல்லுங்கள், அது போதும். ‘இவர்களும் ஜெயிக்கலாம், அவர்களும் ஜெயிக்கலாம்’ என்று எழுதினால் இரண்டாவது வாரமே யாரும் படிக்க மாட்டார்கள். அசட்டுத்தனமான காரணமாக இருந்தாலும் ஒன்றைப் பிடித்துக்கொண்டு சீசன் முழுக்க விடாமல் இருங்கள்.

என் யோசனை, அணிகளின் சின்னங்களை மோதவிடுவது. நேரில் சண்டை வந்தால் எது ஜெயிக்குமோ அந்த அணிக்கு உங்கள் ஓட்டு. இதற்கு ஒரு முன்னுதாரணமும் உண்டு. டெக்ஸாஸ் அணியின் சின்னம் பீவோ என்ற நீளக் கொம்பு மாடு. ஜார்ஜியாவுக்கு அகா என்ற புல்டாக். இரண்டும் நிஜமான பிராணிகள். 2019 புத்தாண்டு அன்று நியூ ஆர்லியன்ஸில் நடந்த சுகர் போல் என்ற பெரிய ஆட்டத்துக்கு முன்னால், படம் எடுப்பதற்காக இரண்டையும் பக்கத்தில் கொண்டுவந்தார்கள். பீவோ வேலியைத் தள்ளிக்கொண்டு அகா மேல் பாய்ந்தது. நாயை இழுத்துக்கொண்டு ஓடிவிட்டார்கள். அன்று ஜார்ஜியாதான் ஜெயிக்கும் என்று நிபுணர்கள் சொல்லியிருந்தார்கள். ஜெயித்தது டெக்ஸாஸ், 28-21.

சின்னத்தை வைத்துக் கணிப்பதற்கு உங்கள் ஊரிலேயே பெரிய வரலாறு இருக்கிறது. முன்னாள் பயிற்சியாளர் லீ கோர்சோ, 1996 அக்டோபரில் கொலம்பஸில் நடந்த டிவி நிகழ்ச்சியில், ஒஹாயோ ஸ்டேட்டின் சின்னமான ப்ரூட்டஸின் தலையைத் தன் தலையில் மாட்டிக்கொண்டுதான் அந்த அணி ஜெயிக்கும் என்று சொன்னார். அதுவே அவர் வழக்கமாகிவிட்டது. 2025 ஆகஸ்டில் அதே ஊரில், அதே தலையை மாட்டிக்கொண்டு விடைபெற்றார். நடுவில் எத்தனையோ தடவை தப்பாகச் சொன்னார். ஜனங்கள் அதற்காக டிவியை அணைக்கவில்லை.

பத்துக்குப் பத்தும் கோட்டை விடாமல் இருக்கக் கொஞ்சம் விவரமும் வேண்டும். இரண்டு அணிகளும் சமபலம் என்றால் சொந்த மைதானத்தில் ஆடுகிற அணியைச் சொல்லுங்கள். ஸ்கோர் எழுதும்போது 24-17, 27-20 மாதிரி எழுதினால் தெரிந்தவர் எழுதியது போல இருக்கும். டச்டவுனும் (பந்தை எதிரணியின் கடைசி எல்லைக்குள் கொண்டுபோவது) அதற்கு அடுத்த உதையும் சேர்ந்து 7, ஃபீல்டு கோல் (பந்தைக் கம்பங்களுக்கு நடுவே உதைப்பது) 3 என்பதால் பல ஸ்கோர்கள் அப்படித்தான் வந்து விழும். ஐயோவாவுக்கு மட்டும் இந்தக் கணக்கு பொருந்தாது. அவர்கள் 2022-ல் ஒரு டச்டவுன்கூட இல்லாமல் 7-3 என்று ஜெயித்தவர்கள். சிலர் ஆட்டத்துக்கு ஆட்டம் நம்பிக்கைப் புள்ளி போடுவார்கள்: ரொம்ப நிச்சயமான ஆட்டத்துக்கு 10, துளியும் நிச்சயமில்லாததற்கு 1. நீங்கள் சொன்ன அணி தோற்றால் அந்தப் புள்ளி போச்சு. மாடு முட்டும் ஆட்டத்துக்கு 2 போடுங்கள், 10 வேண்டாம்.

ஒவ்வொரு வாரமும் முதல் வரியிலேயே போன வாரம் எத்தனை தப்பு என்று எழுதிவிடுங்கள். அடுத்தவர் கிண்டல் செய்வதற்கு முன்னால் நாமே செய்துவிட்டால் பாதித் தொல்லை தீர்ந்தது. கோடிக்கணக்கில் சம்பளம் வாங்கும் பயிற்சியாளர்களைத் தாராளமாகக் கலாய்க்கலாம். பந்தைத் தவறவிட்ட பத்தொன்பது வயதுப் பையனைப் பெயர் சொல்லிக் கேலி செய்யாதீர்கள்.

ஆளுக்கு ஐந்து டாலர் போடலாம் என்று யாராவது கிளப்பினால் வேண்டாம் என்று சொல்லுங்கள். கல்லூரி விளையாட்டுத் துறையில் வேலை பார்ப்பவர்களும் ஆட்டக்காரர்களும் கல்லூரி ஆட்டங்களில் பணம் கட்டக் கூடாது என்பது விதி. உங்கள் ஊரில் அப்படி ஒருவர், நீங்கள் எழுதி அனுப்புகிறவர்களின் பட்டியலில் இருப்பது அதிசயமில்லை. கூடைப்பந்துப் போட்டியை வைத்து அக்கம்பக்கத்தாரோடு பணம் கட்டி விளையாடியதற்காக, வாஷிங்டன் பல்கலைக்கழகம் 2003-ல் தன் ஃபுட்பால் பயிற்சியாளர் ரிக் நியூஹைசலையே வேலையை விட்டு நீக்கியது. தோற்றவர் டோனட் வாங்கிவரட்டும்.

நவம்பர் கடைசியில், பரம எதிரி மிஷிகனோடு மோதும் வாரம் வரும்போதுதான் உங்களுக்குச் சோதனை. பல்கலைக்கழக வளாகத்தில் எம் எழுத்து இருக்கும் பலகைகளில் எல்லாம் சிவப்பு நாடாவால் எக்ஸ் போட்டுவிடுவார்கள். அந்த ஊரில் உட்கார்ந்துகொண்டு மிஷிகன் ஜெயிக்கும் என்று எழுத முடியாது. சின்னங்களை மோதவிடும் உங்கள் விதியோ காலை வாரும். மிஷிகனின் சின்னம் வுல்வரின், கடித்துக் குதறும் மிருகம். ப்ரூட்டஸோ வெறும் பக்கை (buckeye) மரத்தின் கொட்டை. ஆனால் பக்கை கொட்டை நச்சுக்கொட்டை, பச்சையாகத் தின்றால் வயிற்றைக் கெடுத்துவிடும். வுல்வரின் முதல் பாதியில் கடித்தது, இரண்டாம் பாதியில் படுத்துவிட்டது என்று எழுதுங்கள். 27-20, ஒஹாயோ ஸ்டேட்.