ரைட் வீட்டுப் பட்டறை

வணக்கம் ஐயா,

என் மகளின் பேச்சுப் போட்டிக்காக ரைட் சகோதரர்களைப் பற்றி எழுதிக் கொடுத்தேன். ‘கல்லூரி வாசலை மிதிக்காத, யாருடைய துணையும் இல்லாத இரண்டு சைக்கிள் கடைக்காரர்கள் வானத்தை வென்ற கதை’ என்று தொடங்கியிருந்தேன். படித்துவிட்டு, “அவங்களுக்கு அம்மா அப்பா இல்லையா?” என்று கேட்டாள். எனக்குப் பதில் தெரியவில்லை. அவர்களுடைய குடும்பத்தைப் பற்றிச் சற்று விரிவாக எழுத முடியுமா?

க.

அன்புள்ள க.,

உங்கள் மகளின் கேள்வி சரியான இடத்தில் விழுந்திருக்கிறது. கல்லூரிக்குப் போகாதவர்கள் என்பது உண்மை. துணையில்லாதவர்கள் என்பது உண்மையல்ல. விசேஷ வசதி எதுவுமின்றி முன்னுக்கு வந்தவர்கள் என்று ஒரு நண்பர் தங்களைக் குறிப்பிட்டபோது சகோதரர்களில் இளையவரான ஆர்வில் அதை ஏற்கவில்லை. அறிவார்வத்துக்கு ஓயாது ஊக்கம் கிடைத்த ஒரு வீட்டில் வளர்ந்ததே தங்களுக்கு வாய்த்த பெரிய வசதி என்று அவர் மறுத்தார்.

அந்த வீட்டில் கருவி பிடிக்கத் தெரிந்தவர் தாய் சூசன். அவருடைய தந்தை ஜெர்மனியிலிருந்து வந்து குடியேறிய வண்டித் தச்சர்; அவருடைய பட்டறையில் உளியும் இழைப்புளியும் புழங்கிய சூழலில் வளர்ந்த சூசன், பெண்கள் அரிதாகவே உயர்கல்வி பெற்ற அக்காலத்தில் கல்லூரிக்கும் சென்றவர். பிள்ளைகளுக்குப் பனிச்சறுக்கு வண்டியைத் தம் கையாலேயே செய்து கொடுத்தார். பேராயரான தந்தை மில்டனுக்கு ஓர் ஆணியை நேராக அடிக்கத் தெரியாது என்பார்கள். எனவே எது உடைந்தாலும் பிள்ளைகள் போய் நின்றது தாயிடம்தான். நம் பாடநூல்கள் சைக்கிள் கடையிலிருந்து கதையைத் தொடங்குவதால் சூசன் விடுபட்டுப் போகிறார்.

தந்தையின் பங்கு வேறு வகையானது. சமயப் பணிக்காக ஊர் ஊராக அலைந்த மில்டன், வீட்டு நூலகத்தில் இறைநம்பிக்கையையே கேள்வி கேட்ட இங்கர்சாலின் நூல்களையும் வைத்திருந்தார். 1878-இல் ஒரு பயணத்திலிருந்து திரும்பியவர், தக்கையும் மூங்கிலும் காகிதமும் கொண்டு செய்து ரப்பர் வளையத்தால் முடுக்கிவிட்ட ஒரு பொம்மையைப் பிள்ளைகளை நோக்கி எறிந்தார். அது கீழே விழாமல் கூரைவரை எழும்பியது. 11 வயது வில்பரும் 7 வயது ஆர்விலும் அதற்கு ‘வௌவால்’ என்று பெயர் வைத்து, அதே போலப் பலவற்றைச் செய்து பார்த்தார்கள். ஆனால் பெரிதாகச் செய்யச் செய்ய அவை பறக்க மறுத்தன. அளவு இரண்டு மடங்கானால் தேவைப்படும் விசை இரண்டு மடங்கோடு நிற்காது என்ற கணக்கு அப்போது அவர்களுக்குப் புரியவில்லை.

வில்பர் யேல் பல்கலைக்கழகத்துக்குப் போக வேண்டியவர். 1885-86 குளிர்காலத்தில் பனித்தரை ஹாக்கி விளையாட்டில் மட்டை முகத்தில் பட்டு முன்பற்கள் போயின. உடல்நலமும் குன்றியதால் அந்தத் திட்டம் கைவிடப்பட்டது. தாயோ காசநோயில் படுத்திருந்தார். காலையில் அவரை மாடியிலிருந்து தூக்கி வந்து கூடத்தில் அமர்த்துவது, இரவு மீண்டும் மேலே தூக்கிச் செல்வது, இடைப்பட்ட நேரத்தில் தந்தையின் புத்தகங்களைப் படிப்பது என்று ஏறக்குறைய மூன்று ஆண்டுகள் கழிந்தன. 1889 ஜூலை 4 அன்று சூசன் இறந்தார். வில்பர் கல்லூரிக்குப் போகாததைப் படிப்பில் நாட்டமில்லாததாக எடுத்துக்கொள்ளக்கூடாது என்பதற்காகவே இதை இவ்வளவு விரிவாகச் சொல்கிறேன்.

அவர்களுடைய விமானம் முதன்முதலில் பறந்த 1903 டிசம்பர் 17 பற்றி உங்களுக்குத் தெரியும். வெற்றித் தந்தி போனது தந்தைக்குத்தான். அன்றைய மிக நீண்ட பறத்தலின் 59 விநாடிகள் 57 ஆகவும், ஆர்விலின் பெயர் எழுத்துப் பிழையோடும் வந்து சேர்ந்தன. இருவரும் ஒன்றாகப் பறக்க வேண்டாம் என்று தந்தைக்குக் கொடுத்திருந்த வாக்கை ஒரே ஒரு முறை, 1910 மே 25 அன்று, அவருடைய சம்மதத்தோடு தளர்த்தினார்கள். அன்றே 81 வயது மில்டனையும் ஆர்வில் ஏற்றிச் சென்றார். கிழவர் பயப்படவில்லை, “இன்னும் மேலே, ஆர்வில், இன்னும் மேலே!” என்றார். இரண்டு ஆண்டுகளில் டைபாய்டு வில்பரைக் கொண்டுபோனது. அப்போது அவருக்கு வயது 45.

ஆனால் இந்த நெருக்கத்துக்கு ஒரு விலை இருந்தது. அதைக் கொடுத்தவர் தங்கை கேத்தரின். அந்தப் பிள்ளைகளில் பட்டம் பெற்றவர் அவர் ஒருவரே. அவர்களுடைய ஊரான டேட்டனில் இலத்தீன் ஆசிரியை. 1908 செப்டம்பரில் ஃபோர்ட் மையர் ராணுவத் தளத்தில் விமானம் விழுந்து, உடன் சென்ற லெப்டினன்ட் செல்ஃப்ரிட்ஜ் இறந்து, ஆர்வில் காலும் விலா எலும்புகளும் முறிந்து கிடந்தபோது, விடுப்பு எடுத்துக்கொண்டு வந்து ஏழு வாரம் அருகிலிருந்து பார்த்துக்கொண்டார். பிறகு ஆசிரியப் பணிக்கு அவர் திரும்பவேயில்லை. வில்பரும் ஆர்விலும் மணம் செய்துகொள்ளவில்லை. வில்பர் போன பின் ஆர்விலுக்கும் தந்தைக்கும் வீட்டை நடத்தியவர் அவரே. 1926-இல், தம் 52-ஆம் வயதில், கல்லூரிக் கால நண்பரான ஹாஸ்கெல் என்னும் பத்திரிகையாளரை அவர் மணந்தபோது, ஆர்வில் திருமணத்துக்குப் போகவில்லை, பேச்சையும் முறித்துக்கொண்டார். ஆர்விலின் வாழ்க்கையில் எனக்கு மன்னிக்க முடியாததாகப் படுவது இது ஒன்றுதான். 1929-இல் கேத்தரின் நிமோனியாவில் கிடந்தபோது, அவர்களுடைய இன்னோர் அண்ணன் லோரின் வற்புறுத்திய பிறகே ஆர்வில் ரயிலேறினார். மார்ச் 3 அன்று கேத்தரின் இறக்கும்போது ஆர்வில் அருகில் இருந்தார். பிறகு உடலை டேட்டனுக்குக் கொண்டுவந்து, பெற்றோரும் வில்பரும் கிடக்கும் உட்லேண்ட் கல்லறையில் அடக்கம் செய்தார்கள். 1948-இல் ஆர்விலும் அங்கேயே வந்து சேர்ந்தார்.