நனோத் துளியும் அப்பாவின் கிளினிக் கொப்பியும்

அன்புள்ள ஐயா,

நாங்கள் புதுக்குடியிருப்பில் இருக்கிறோம். அப்பாவுக்குப் பல வருடமாக நீரிழிவு. உறவினர் ஒருவர் 'நனோ' துளிமருந்து ஒரு போத்தல் கொண்டுவந்து தந்திருக்கிறார். உடம்புக்குள் ஏறும் துருவை அழிக்குமாம், இனிக் குளிசை தேவையில்லையாம். நனோத்துணிக்கைகள் என்ற மிக நுண்ணிய துகள்கள் ஒட்சியேற்றத்தைத் தடுக்கும் என்று நானும் வாசித்திருக்கிறேன். கொடுக்கலாமா? போத்தலின் படம் இணைத்துள்ளேன்.

அன்புள்ள தம்பி,

கொடுக்க வேண்டாம். குளிசையை ஒருநாளும் நிறுத்த வேண்டாம். ஆனால் நீங்கள் வாசித்தது பொய்யில்லை. அதனால்தான் பதில் கொஞ்சம் நீள்கிறது.

துரு என்ற உவமை பாதிதான் சரி. வாய்க்கால் வரம்பில் மறந்துவிட்ட மண்வெட்டி மாரி முடியும்போது எப்படியிருக்கும் என்று உங்களுக்குத் தெரியும். உடலிலும் ஒட்சிசனிலிருந்து பிறக்கும் சில மூலக்கூறுகள் அயலிலிருந்து இலத்திரனைப் பறித்துக் கலங்களைக் குலைக்கின்றன. இதுதான் ஒட்சியேற்றம். ஆனால் மண்வெட்டிக்குத் துருவால் பயனில்லை, நமக்கு உண்டு: வெண்குருதிக் கலங்கள் கிருமியைக் கொல்ல இந்த மூலக்கூறுகளையும் பயன்படுத்துகின்றன. பின்லாந்தில் 29,133 புகைபிடிக்கும் ஆண்களை வைத்துச் செய்த ஆய்வின் முடிவு 1994இல் வெளியானது. ஒட்சியேற்ற எதிரியான பீற்றா கரோட்டின் குளிசை எடுத்தவர்களிடையே நுரையீரல் புற்றுநோய் குறையவில்லை, 18 சதவீதம் கூடியிருந்தது.

நனோத்துணிக்கைகளில் ஆய்வாளர்கள் அதிகம் பேசுவது சீரியம் என்ற உலோகத்தின் ஒட்சைட்டைப் பற்றி. புண்ணில் ஐதரசன் பரவொட்சைட்டை ஊற்றினால் நுரைக்கிறதே, அது அந்தப் பரவொட்சைட்டை உடைக்கும் கற்றலேசு என்ற நொதியத்தின் வேலை. பரவொட்சைட்டும் மேலே சொன்ன மூலக்கூறுகளில் ஒன்று. சில நனோமீற்றர் பருமனுள்ள சீரியம் ஒட்சைட்டுத் துணிக்கையும் அதைச் செய்கிறது. நம்மூர்க் கைமாற்றுப் போல, மேற்பரப்பிலுள்ள சீரியம் ஓர் இலத்திரனைக் கொடுக்கிறது, பிறகு திரும்ப வாங்கிக்கொள்கிறது. கொடுத்துக் கொடுத்துத் தீர்ந்துபோவதில்லை. எனக்கே முதலில் வியப்பாகத்தான் இருந்தது.

வில்லங்கமும் அங்கேதான். தீராதது உடலைவிட்டு இலகுவில் போவதுமில்லை. எலிகளின் இரத்தத்தில் ஏற்றிய துணிக்கைகளில் பெரும்பங்கு ஈரலிலும் மண்ணீரலிலும் போய்த் தங்கி மாதக்கணக்கில் கிடந்தன. அமிலத்தன்மை கூடிய இடத்தில் குணமும் மாறி, காக்க வேண்டிய கலத்தையே கெடுக்கக்கூடும். நீரிழிவுக்கு இது இன்னும் மருந்தாகவில்லை.

நீங்கள் அனுப்பிய படத்தில் 'நனோ' என்ற சொல் மூன்று இடத்தில் இருக்கிறது. எந்தப் பொருள், எத்தனை மில்லிகிராம் என்பது ஓரிடத்திலும் இல்லை. அப்பா ஏற்கெனவே குடித்திருந்தால், போத்தலையும் கிளினிக் கொப்பியோடு கொண்டுபோய் வைத்தியரிடம் காட்டுங்கள். உறவினரோடு சண்டை வேண்டாம். அவர் தன் காசைக் கொடுத்துத்தான் அதை வாங்கியிருப்பார்.