பழைய குங்ஃபூ படத்தின் ப்ளூரே வாங்கத் தகுந்ததா என்று எப்படிப் பார்ப்பது?

கும்பகோணத்திலிருந்து ஒருவர், ஷா பிரதர்ஸ் என்ற ஹாங்காங் நிறுவனம் 1970களில் எடுத்த குங்ஃபூ படமொன்றின் ப்ளூரேயை ஹாங்காங்கிலிருந்து வரவழைக்கலாமா என்று கேட்டிருக்கிறார்.

முதலில் படத்தின் அகலத்தைப் பாருங்கள். அந்த நிறுவனத்தின் படங்களில் பெரும்பாலானவை ஷாஸ்கோப் என்ற அகலத்திரை முறையில், உயரத்தைப் போல 2.35 மடங்கு அகலத்தில் (2.35:1) எடுத்தவை. பழைய கேசட்டுகளில் டிவித் திரையை நிரப்ப ஓரங்களை வெட்டிவிடுவார்கள். ஏறக்குறைய 43 சதவீதம் போய்விடும். நான் மாயவரத்தில் சிலம்பம் பழகியவன். கம்பின் இரு முனையும் காலடியும் ஒன்றாகத் தெரிந்தால்தான் வீச்சு எங்கே பிறக்கிறது என்று கண்ணுக்குப் பிடிபடும். முனை வெட்டுப்பட்ட பதிப்பை இனாமாகக் கொடுத்தாலும் வாங்காதீர்கள்.

அடுத்தது ஒலி. அசல் மோனோ (ஒற்றைத் தட ஒலி) இருக்கிறதா என்று பாருங்கள். 5.1க்கு, அதாவது பல ஸ்பீக்கர் சுற்றொலிக்கு, மாற்றிய சில பதிப்புகளில் அடிச்சத்தத்தையே புதிதாகச் சேர்த்திருக்கிறார்கள். அந்தக் காலத்து ‘பளீர்’ இல்லாமல் அந்தச் சண்டைக்கு உயிரே இல்லை.

ஃபிலிமுக்கே உரிய பொடிப்பொடியான துகளை அளவுக்கு மீறித் துடைத்திருந்தால் முகங்கள் மெழுகுபொம்மை மாதிரி ஆகிவிடும். ப்ளூரேக்குப் பதில் பால் (PAL) என்ற டிவி முறையில் வந்த டிவிடி என்றால் நொடிக்கு 24 ஃபிரேம் 25ஆக ஓடும். சண்டை 4 சதவீதம் வேகமாகத் தெரியும்.

ப்ளூரேக்காக நாடுகளை மண்டலங்களாகப் பிரித்திருக்கிறார்கள். ஹாங்காங் ப்ளூரேக்கு ‘ஏ’ மண்டலம், நமக்கு ‘சி’. மண்டலப் பூட்டுள்ள டிஸ்க் என்றால் உங்கள் பிளேயர் ‘ஏ’வை ஏற்குமா என்று பார்த்துவிட்டுப் பணம் கட்டுங்கள்.