மாக்கிங்ஜே படிக்கப் போகிறேன். முதல் இரண்டு புத்தகமும் பாதி மறந்துவிட்டது. எப்படிப் படிப்பது?

'ஹங்கர் கேம்ஸ்' தொடரின் முதல் இரண்டு புத்தகங்களைப் படித்து ஒரு வருஷத்துக்கு மேல் ஆகிவிட்டது, படங்களை அங்கொன்றும் இங்கொன்றுமாகப் பார்த்ததோடு சரி என்கிறீர்கள். கடைசிப் புத்தகமான 'மாக்கிங்ஜே' இழுவை, காதலுக்கு ஒழுங்கான முடிவே இல்லை என்று தோழிகள் பயமுறுத்துகிறார்கள், படிக்கலாமா, படிப்பதற்கு முன்னால் என்ன செய்யவேண்டும் என்பது கேள்வி.

படிக்கலாம். தொடரிலேயே நன்றாக எழுதப்பட்ட புத்தகம் இதுதான் என்றுகூடச் சொல்வேன். ஆனால் மறுபடியும் ஒரு அரங்கம், மறுபடியும் ஒருவரையொருவர் கொல்ல இறக்கிவிடப்பட்ட இருபத்து நான்கு பேர் என்று எதிர்பார்த்துத் திறந்தால் ஐம்பது பக்கத்தில் கை சோர்ந்துவிடும். இது போர்க்கதை. அதிலும், போரின் பெரும்பகுதியைக் கண்ணால் பார்க்கக் கிடைக்காமல் ஆஸ்பத்திரிக் கட்டிலில் கிடக்கிற ஒரு பதினேழு வயதுப் பெண் சொல்கிற போர்க்கதை. இழுவை என்ற புகாரில் பாதி இதிலிருந்துதான் பிறக்கிறது.

முதல் இரண்டையும் முழுசாகத் திரும்பப் படிக்க வேண்டியதில்லை. நான்கே நான்கு அத்தியாயம் போதும், ஒன்றரை மணி நேர வேலை. முதல் புத்தகத்தில் 1, 2. இரண்டாவதான 'கேட்சிங் ஃபயர்'-இல் 2, 27.

ஏன் இந்த நான்கு? முதல் புத்தகத்தின் முதல் வரியில், கதையைச் சொல்லும் காட்னிஸ் கண் விழிக்கிறாள், படுக்கையின் மறுபக்கம் சில்லிட்டிருக்கிறது, தங்கை பிரிம் எழுந்து போயிருக்கிறாள். மாக்கிங்ஜே தொடங்கும்போது காட்னிஸ் தன் காலணிமேல் சாம்பல் படிவதைப் பார்த்துக்கொண்டு நிற்கிறாள். எந்த இடத்தில்? அதே படுக்கை இருந்த இடத்தில். குண்டுவீச்சில் அவள் ஊரான பன்னிரண்டாம் மாவட்டமே இல்லாமல் போய்விட்டது, தப்பியவர்கள் தொள்ளாயிரம் பேருக்கும் குறைவு. முதல் வரி நினைவில்லாதவர்களுக்கு இந்தத் தொடக்கம் சும்மா ஒரு வர்ணனை. அதே முதல் அத்தியாயத்தில், பிரிமின் சட்டை பின்னால் பாவாடைக்கு வெளியே வாத்துவால் மாதிரி நீட்டிக்கொண்டிருக்கும், அக்கா அதை உள்ளே செருகிவிடச் சொல்வாள். அந்த வாத்துவாலை மனசில் முடிச்சுப் போட்டு வைத்துக்கொள்ளுங்கள். இரண்டாம் அத்தியாயத்தில், பசியோடிருக்கும் காட்னிஸுக்காக பீட்டா கருகிய ரொட்டியை மழையில் வீசுவதும், மறுநாள் காட்னிஸ் கண்ணில் படுகிற மஞ்சள் டேண்டிலியன் பூவும் வரும். காதல் கதையின் தீர்ப்பு அந்தப் பூவில்தான் இருக்கிறது. 'கேட்சிங் ஃபயர்' இரண்டாம் அத்தியாயத்தில் அதிபர் ஸ்னோ அவள் வீட்டுக்கே வந்து, நாம் ஒருவருக்கொருவர் பொய் சொல்லிக்கொள்ள வேண்டாம் என்று ஓர் ஒப்பந்தம் போடுவார். 27-இல் கிளர்ச்சிக்காரர்களின் திட்டம் முழுக்க வெளியே வரும். கடைசிப் புத்தகம் அதன் தொடர்ச்சியாகத் தொடங்கும்.

ஒரு சின்ன எச்சரிக்கை. பீட்டா வேறு, பீட்டி வேறு. முன்னவன் ரொட்டிக் கடைக்காரர் மகன், பின்னவர் மூன்றாம் மாவட்டத்து மின்கருவி நிபுணர். வேகமாகப் படிக்கும்போது இவர்கள் குழம்பத்தான் செய்வார்கள்.

2010 ஆகஸ்டில் வந்த இந்தப் புத்தகம் ஏறத்தாழ 400 பக்கம். மூன்று பாகம், பாகத்துக்கு ஒன்பது அத்தியாயம், ஆக 27, பிறகு ஒரு சின்னப் பின்னுரை. பாகங்களின் பெயர் சாம்பல், தாக்குதல், கொலையாளி. முந்தைய இரண்டுக்கும் இதே 9-9-9 அமைப்புதான். சூசன் காலின்ஸ் குழந்தைகளுக்கான தொலைக்காட்சித் தொடர்களுக்கு எழுதி வந்தவர், அதனால் அத்தியாயக் கடைசியில் கொக்கி போட்டு நிறுத்துவது அவருக்குக் கைவந்த கலை. ஆகவே 'இந்த அத்தியாயத்தோடு மூடிவிடலாம்' என்று நினைத்தால் மூட முடியாது. நாளைக்கு மூன்று அத்தியாயம் என்று வைத்து ஒன்பது நாளில் முடிப்பது நல்ல வேகம், ஆனால் 12-இலும் 24-இலும் மட்டும் நிறுத்தாதீர்கள். அந்த நாட்களில் 13-ஐயும் 25-ஐயும் சேர்த்துப் படித்துவிடுங்கள், இல்லாவிட்டால் அன்றைக்குத் தூக்கம் போச்சு.

ஆங்கிலம் எளிமையானது. நிகழ்காலத்தில், தன்மையில் ஓடும் குட்டிக் குட்டி வாக்கியங்கள். தடுக்குவது இந்த உலகத்துச் சொற்கள்தான். ப்ரோபோ என்றால் கிளர்ச்சிக்காரர்கள் தயாரித்து ஒளிபரப்பும் பிரச்சாரத் துண்டுப்படம். பாட் என்பது தலைநகர் வீதிகளில் புதைத்து வைத்திருக்கும் பொறி; சிலது வெடிக்கும், சிலது விலங்கை ஏவும். அந்தப் பொறிகள் எங்கே இருக்கின்றன என்று காட்டும் கையடக்க வரைபடம் ஹோலோ. மட் என்பது ஆய்வகத்தில் உருவாக்கிய கொலைவிலங்கு. ஏவாக்ஸ் என்பவர் தண்டனையாக நாக்கு அறுக்கப்பட்டவர். ஹைஜாக் என்ற சொல்லுக்கு விமானக் கடத்தல் என்று இங்கே பொருள் கொண்டால் தவறு: ட்ராக்கர் ஜாக்கர் குளவி விஷத்தை ஏற்றி, ஒருவரின் நினைவுகளையே திரித்துவிடும் சித்திரவதை அது.

பானெம் என்ற நாட்டுப் பெயருக்கான விளக்கம் இந்தப் புத்தகத்தில்தான் கிடைக்கும். லத்தீனில் 'ரொட்டியும் கேளிக்கையும்' என்ற பழைய ரோமானியத் தொடரின் முதல் சொல் அது. வயிற்றையும் கண்ணையும் நிரப்பிவிட்டால் மக்கள் அதிகாரத்தை விட்டுக்கொடுத்துவிடுவார்கள் என்று கிளர்ச்சித் திட்டத்தை வகுத்தவர்களில் ஒருவரான ப்ளூட்டார்க் சொல்லும் அந்த அரைப் பக்கத்தைத் தாண்டிப் போகாதீர்கள்.

இதற்குக் கீழே முடிவு உட்பட எல்லாமே வருகிறது. தெரிய வேண்டாம் என்றால் படித்துவிட்டு வாருங்கள்.

பலரும் சறுக்கும் முதல் இடம், காட்னிஸ் திரும்பத் திரும்ப மயங்கி விழுவது. பீட்டா கழுத்தை நெரிக்கிறான், மயக்கம். இரண்டாம் மாவட்டத்தில் சுடப்படுகிறாள், மயக்கம். தலைநகர வெடிப்பில் தீப்பிடிக்கிறது, மயக்கம். ஒவ்வொரு தடவையும் கண் விழிக்கும்போது முக்கியமான ஏதோ ஒன்று அவள் இல்லாமலேயே நடந்து முடிந்திருக்கும். தலைநகர் விழுந்ததைக்கூட யாரோ சொல்லித்தான் தெரிந்துகொள்கிறோம். சோம்பேறித்தனமான உத்தி என்று திட்டுபவர்கள் உண்டு. மூன்று முறை என்பது கொஞ்சம் அதிகம்தான், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் கதை அவள் கண் வழியாக மட்டுமே ஓடுகிறது, அவளோ தளபதி இல்லை, சின்னம். கவசம் மாட்டி, கேமரா முன்னால் நிறுத்தி, படம் பிடித்து முடித்ததும் உள்ளே கூட்டிப் போய்விடுகிறார்கள். போரின் முகமாக இருப்பவளுக்குப் போர் மறைக்கப்படுகிறது என்பதே முதல் பாகத்தின் விஷயம். கிளர்ச்சிக்காரர்களின் தளமான பதின்மூன்றாம் மாவட்டத்தில் தினமும் காலையில் முன்கையில் ஊதா மையில் அச்சாகும் கால அட்டவணையை அவள் மதிக்காமல் அலமாரிகளிலும் குழாய் இடுக்குகளிலும் போய் ஒளிந்துகொள்வதை இந்தக் கண்ணோடு படித்தால் இழுவையாகத் தெரியாது.

இரண்டாவது, சாவுகள். 22-ஆம் அத்தியாயத்திலிருந்து வேகத்தைப் பாதியாகக் குறைத்துவிடுங்கள். தலைநகரின் பாதாள வழியில், காட்னிஸோடு போரிடும் நண்பன் பினிக் இறப்பது சில வரிகளில் முடிந்துவிடும். விடைபெறும் வசனம் கிடையாது, மடியில் தலை வைத்து அழுவது கிடையாது. வேகமாகப் புரட்டுபவர்கள் இரண்டு அத்தியாயம் கழித்து 'பினிக் எங்கே?' என்று திரும்பிப் போகிறார்கள். ஓடிக்கொண்டிருக்கும் ஒருத்திக்குத் துக்கப்பட நேரமில்லை, அதனால் வாக்கியத்துக்கும் நேரமில்லை. அவ்வளவுதான் கணக்கு.

பிரிம் சாவு வேறு மாதிரி. அதிபர் மாளிகை முன்னால் குழந்தைகளை வேலிக்குள் அடைத்து வைத்திருக்கிறார்கள், வெள்ளிப் பாராசூட்டுகள் இறங்குகின்றன, சில வெடிக்கின்றன. காப்பாற்ற மருத்துவப் படை ஓடிவருகிறது. கூட்டத்தில் ஒரு பொன்னிறப் பின்னல். அந்தப் பெண் தன் கோட்டைக் கழற்றி அழும் குழந்தைமேல் போர்த்தும்போது, வெளியே வந்துகிடக்கும் சட்டை வாத்துவாலாகத் தெரிகிறது. முதல் புத்தகத்தில் போட்ட முடிச்சு இங்கே அவிழ்கிறது. காட்னிஸ் தங்கையை அடையாளம் கண்டுகொள்வது இந்த இரண்டு அடையாளத்தால். அடுத்து மிச்சப் பாராசூட்டுகளும் வெடிக்கின்றன.

இந்த இரட்டை வெடிப்பு திடீரென்று வந்ததில்லை. 13-ஆம் அத்தியாயத்தில் காட்னிஸின் பழைய வேட்டைத் தோழன் கேலும் பீட்டியும் பொறிகள் வடிவமைப்பார்கள்: முதல் குண்டு வெடிக்கட்டும், உதவிக்கு ஆட்கள் ஓடிவர நேரம் கொடுப்போம், பிறகு இரண்டாவது. மனிதர்களின் இரக்கத்தையே தூண்டில் புழுவாக்கும் யோசனை அது. இந்தப் பக்கத்தில் பென்சிலால் ஒரு கோடு போட்டு வைத்தால், 24-இல் யார் செய்தது என்று வேறு யாரும் சொல்லாமலே உங்களுக்கு வயிற்றைப் பிசையும்.

காதல் முக்கோணத்துக்கு ஒழுங்கான முடிவில்லை என்பவர்கள் தேடுவது, காட்னிஸ் உட்கார்ந்து யோசித்து இவனைத் தேர்ந்தெடுக்கிறேன் என்று அறிவிக்கும் காட்சியை. அது கிடையாது. கேல் கதை முடிவது 26-இல், ஸ்னோவைக் கொல்ல அவன் ஒற்றை அம்பைக் கொண்டுவந்து கொடுக்கும்போது. அது உன் குண்டுதானா என்று கேட்கிறாள். தனக்குத் தெரியாது, பீட்டிக்கும் தெரியாது, ஆனால் நீ எப்போதும் அதையே நினைத்துக்கொண்டிருப்பாய் என்கிறான். உன் குடும்பத்தைக் காப்பாற்றுவது ஒன்றுதான் தனக்கென்று இருந்தது என்கிறான். முடிந்தது. கோபமில்லை, அழுகையில்லை, அதனாலேயே கவனிக்காமல் போய்விடுவோம்.

பீட்டா பக்கம் 19-இலிருந்து மெதுவாக ஏறும். திரிக்கப்பட்ட நினைவுகள் அவனுக்கு அளவுக்கு மீறிப் பளபளப்பாகத் தெரிகின்றன. அவற்றைப் பிரித்தறிய 'நிஜமா, இல்லையா?' என்று கேட்கும் விளையாட்டைப் படைக்குழுவினர் கற்றுத்தருகிறார்கள். காவலிருக்கும் ஓர் இரவில் காட்னிஸ் அவனுக்குச் சொல்வது காதல் வசனம் இல்லை: உனக்குப் பிடித்த நிறம் ஆரஞ்சு, கண்ணைப் பறிக்கும் ஆரஞ்சு இல்லை, சூரியன் மறையும்போது தெரிவது. ஒருவன் தொலைத்ததை இன்னொருத்தி துண்டு துண்டாக எடுத்துக் கொடுக்கிறாள். கடைசி அத்தியாயத்தில் டேண்டிலியன் திரும்பி வரும்போது, கேலிடம் இருக்கும் நெருப்பு தன்னிடமே ஏராளம் என்று ஒரே பத்தியில் சொல்லி முடித்துவிடுகிறாள். இதைவிட விளக்கியிருந்தால் கெட்டுப்போயிருக்கும்.

அதிகம் சண்டை நடப்பது வாக்கெடுப்பைப் பற்றி. போர் முடிந்ததும், பதின்மூன்றாம் மாவட்டத்துத் தலைவியாக இருந்து நாட்டுக்கே புதுத் தலைவியான காயின், தலைநகரக் குழந்தைகளை வைத்துக் கடைசியாக ஓர் ஆட்டம் நடத்தலாமா என்று பழைய ஆட்டங்களில் ஜெயித்து உயிரோடு மிஞ்சிய ஏழு வெற்றியாளர்களிடம் கேட்கிறாள். பீட்டா, ஆனி, பீட்டி கூடாது என்கிறார்கள். ஜோஹானா, எனோபேரியா ஆகட்டும் என்கிறார்கள். காட்னிஸ் பிரிமுக்காக ஆகட்டும் என்கிறாள். அவளுடைய வழிகாட்டி ஹேமிச் அவள் பக்கம் சாய்கிறார். அவளா இப்படி என்று புத்தகத்தை மூடி வைத்தவர்கள் உண்டு. மூன்று விஷயத்தைச் சேர்த்துப் பாருங்கள். கண்ணாடித் தோட்டத்தில் ஸ்னோ, பாராசூட் தன்னுடையது இல்லை, காயினுடையது என்று சொல்லி, பொய் சொல்வதில்லை என்ற பழைய ஒப்பந்தத்தை நினைவுபடுத்தியிருக்கிறார். வாக்களிக்கும் முன் காட்னிஸ், எழுபத்தைந்து வருஷத்துக்கு முன்னால் முதல் ஆட்டத்தையும் இப்படித்தான் ஒரு மேசையைச் சுற்றி முடிவு செய்தார்களா என்று யோசிக்கிறாள். பிறகு, அம்பு ஒன்றுதான். அது ஸ்னோவுக்குப் போகாமல் காயின்மேல் பாய்கிறது. சந்தேகம் வராமல் வில்லோடு அவள் முன்னால் போய் நிற்கக் கொடுத்த விலைதான் அந்த 'ஆகட்டும்' என்பது என் வாசிப்பு. பழிவெறி என்று படிப்பவர்களும் தப்பில்லை, எழுத்து இரண்டுக்கும் இடம் விடுகிறது. ஹேமிச் ஒருவருக்குத்தான் அவள் மனசு புரிந்தது என்று நினைக்கிறேன்.

படத்தை நம்பிப் படிக்காதீர்கள். 2014-இல் வந்த முதல் பாகம் பீட்டா கழுத்தை நெரிக்கும் இடத்தை ஒட்டி, ஏறக்குறைய 13-ஆம் அத்தியாயத்தில் முடிகிறது. அதில் காட்னிஸையும் பீட்டாவையும் ஆட்டத்துக்கு அழைத்துப் போன தலைநகரத்துப் பெண் எஃபி பதின்மூன்றாம் மாவட்டத்திலேயே வளைய வருவார், புத்தகத்தில் கடைசியில்தான் எட்டிப்பார்ப்பார். ரொட்டி எடுத்ததற்காகக் காட்னிஸின் ஒப்பனைக் குழுவினரைச் சங்கிலியால் கட்டிவைத்திருக்கும் காட்சி படத்தில் இல்லை. காயின் யார் என்பதற்கு முதல் தடயம் அதுதான்.

பின்னுரை இரண்டு மூன்று பக்கம். குழந்தை பெற்றுக்கொள்ள அவள் சம்மதிக்கப் பதினைந்து வருஷம் ஆகிறது. கெட்ட கனவுகள் போகவில்லை. யாராவது செய்யத் தான் கண்ட நல்ல காரியங்களை ஒவ்வொன்றாக மனசுக்குள் பட்டியல் போடுகிறாள், அலுக்கிறது, மறுபடி போடுகிறாள். கடைசி வாக்கியத்தில் 'விளையாட்டு' என்ற சொல் எப்படி வந்து உட்கார்கிறது என்று பாருங்கள்.

முன்கதைகள் இரண்டையும், அதாவது ஸ்னோவின் இளமையைச் சொல்லும் 2020 புத்தகத்தையும் ஹேமிச்சின் ஆட்டத்தைச் சொல்லும் 2025 புத்தகத்தையும், இதற்குப் பிறகே எடுங்கள். காட்னிஸ் ஏரிக்கரையில், படக்குழுவின் கேமராக்காரர் பொலக்ஸ் கேட்டுப் பாடும் தூக்குமரப் பாட்டு எப்படிப் பிறந்தது என்பது 2020 புத்தகத்தில் இருக்கிறது. அதை முடித்த கையோடு மாக்கிங்ஜேயில் அந்தப் பாட்டு வரும் பக்கங்களை மட்டும் இன்னொரு தடவை புரட்டுங்கள்.