ப்ளூ ஸ்கை: அணிலைத் தாண்டி

வணக்கம் சார்,

என் மகள் மூன்றாம் வகுப்பு படிக்கிறாள். கோடை விடுமுறையில், ஸ்கிராட் என்ற அணில் வரும் ‘ஐஸ் ஏஜ்’ அனிமேஷன் படங்களை வரிசையாகப் பார்த்து முடித்து, மறுபடி முதலிலிருந்து ஆரம்பித்துவிட்டாள். கூடவே உட்கார்ந்து பார்த்ததில் எனக்கும் ஆர்வம் வந்து தேடிப் பார்த்தேன். அந்தப் படங்களை எடுத்த ப்ளூ ஸ்கை ஸ்டூடியோவை 2021இல் மூடிவிட்டார்கள் என்று தெரிந்தது. வருத்தமாக இருந்தது. அனிமேஷன் துறையில் இருக்கும் என் மைத்துனரிடம் சொன்னேன். “அது ஒரு அணில் கம்பெனி. அணிலை வைத்துச் சம்பாதித்தார்கள், ஜனங்களுக்கு அணில் அலுத்ததும் மூடிவிட்டார்கள். மற்றபடி அதில் ஒன்றும் இல்லை” என்றார். நீங்கள் அனிமேஷன் பற்றி எழுதுகிறவர் என்பதால் கேட்கிறேன். அந்த ஸ்டூடியோ எடுத்ததில் நிஜமாகவே வேறு ஒன்றும் இல்லையா? லாபம் பார்த்த ஸ்டூடியோவை ஏன் மூடினார்கள்?

எம்., திண்டுக்கல்

*

அன்புள்ள எம்.,

உங்கள் மைத்துனர் சொன்னதில் கணக்கு சரி. முடிவைத்தான் நான் ஏற்கமாட்டேன். ப்ளூ ஸ்கை எடுத்த முழுநீளப் படங்கள் 13. அதில் ஐந்து ‘ஐஸ் ஏஜ்’ வரிசை. அந்த ஐந்து மட்டும் உலகம் முழுக்க 300 கோடி டாலருக்கு மேல் வசூலித்தன. மொத்த வசூலில் பாதிக்கு மேல் அவைதான். ஆக, அணில்தான் சோறு போட்டது. ஆனால் அந்தச் சோற்றைத் தின்றுவிட்டு அவர்கள் வேறு என்ன செய்தார்கள் என்பதுதான் எனக்கு முக்கியம்.

முதலில் அந்த ஆட்கள் எங்கிருந்து வந்தார்கள் என்று சொல்லிவிடுகிறேன். நியூயார்க் பக்கத்தில் மேகி என்று ஒரு நிறுவனம் 1966இல் தொடங்கப்பட்டது. அணுக் கதிர்வீச்சு ஒரு பொருளுக்குள் எப்படிப் பரவும், எதில் மோதி எந்தப் பக்கம் திரும்பும் என்று கணக்குப் போட்டுச் சொல்வது அவர்கள் வேலை. அங்கே யாருக்கோ ஒரு யோசனை வந்தது: கதிர்வீச்சின் பாதையைக் கணக்கிட முடியுமென்றால் வெளிச்சத்தின் பாதையையும் கணக்கிடலாமே? அதிலிருந்து படம் வரையும் முறை ஒன்று பிறந்தது. 1982இல் வந்த ‘ட்ரான்’ படத்தின் ஒளி மோட்டார் சைக்கிள் பந்தயம் அவர்கள் கைவேலை. பிறகு மேகியின் அந்தப் பிரிவு கலைந்தது. அங்கே வேலை பார்த்த கிறிஸ் வெட்ஜ் என்ற அனிமேட்டர், யூஜீன் ட்ரூபெட்ஸ்காய் என்ற அணு இயற்பியலாளர், அப்போலோ திட்டத்தில் வேலை செய்திருந்த கார்ல் லட்விக் என்ற மின்பொறியாளர், இன்னும் மூன்று பேர் சேர்ந்து 1987இல் ஆரம்பித்ததுதான் ப்ளூ ஸ்கை.

இந்தப் பின்னணியை ஏன் சொல்கிறேன் என்றால், அந்த ஸ்டூடியோவின் படங்களுக்கு ஒரு முகம் இருக்கிறது. அந்த முகம் இங்கிருந்து வந்தது. அந்தக் காலத்துக் கணினிப் படங்களில் பெரும்பாலும் வெளிச்சத்தை ஏமாற்றித்தான் கொண்டுவருவார்கள். ஓர் அறையில் ஒரு விளக்கு எரிகிறது என்றால், அதன் ஒளி சுவரிலும் மேஜையிலும் பட்டுத் திரும்பி எங்கெங்கே விழும் என்று கணக்கிட அன்றைய கணினிக்கு நேரம் பத்தாது. அதனால் அனிமேட்டரே சின்னச் சின்னப் பொய் விளக்குகளை அங்கங்கே ஒளித்துவைப்பார். ப்ளூ ஸ்கைக்காரர்கள் இந்தக் குறுக்குவழி வேண்டாம் என்று முதல் நாளிலிருந்தே ரே டிரேசிங்கைப் பிடித்துக்கொண்டார்கள். ஒளிக்கதிர் போகும் வழியைப் பின்தொடர்ந்து கணக்கிடும் முறை அது. அதற்கான மென்பொருளைத் தாங்களே எழுதினார்கள். சிஜிஐ ஸ்டூடியோ என்று அதற்குப் பெயர். வெளியே விற்கவே இல்லை. பத்து வருஷத்துக்கு மேல் விளம்பரப் படங்களும் மற்றவர்களின் படங்களுக்குக் காட்சிகளும் செய்து பிழைத்துக்கொண்டே அதை வளர்த்தார்கள்.

1998இல் ‘பன்னி’ (Bunny, அதாவது முயல்) வந்தது. ஏழு நிமிஷக் குறும்படம், கிறிஸ் வெட்ஜ் இயக்கியது. இதை நீங்கள் அவசியம் பார்க்க வேண்டும். வயதான ஒரு பெண் முயல், கணவன் இறந்துவிட்டான், இரவில் தனியாகச் சமையலறையில் கேக் செய்துகொண்டிருக்கிறாள். விளக்கைச் சுற்றி ஓர் அந்துப்பூச்சி வந்து தொல்லை பண்ணுகிறது. விரட்டுகிறாள், போகவில்லை. கடைசியில் அது மாவுக் கலவைக்குள் விழ, அவள் கோபத்தில் அதோடு சேர்த்தே கலக்கி அடுப்புக்குள் வைத்துவிடுகிறாள். அப்புறம் நடப்பதை நான் சொல்லமாட்டேன். வசனம் கிடையாது. பாடகர் டாம் வெயிட்ஸின் இசை மட்டும்.

அந்தச் சமையலறையில் வெளிச்சம் செய்யும் வேலையைக் கவனியுங்கள். தொங்கும் விளக்கின் மஞ்சள் ஒளி மேஜையில் பட்டு, அங்கிருந்து எழுந்து கிழவியின் தாடைக்குக் கீழே மெலிதாக ஒட்டியிருக்கும். பொருளில் பட்டுத் திரும்பும் ஒளியைப் படம் முழுக்கவும் கணக்கிட்டுச் செய்தது அன்றைக்கு எவரும் துணியாத காரியம். நான் அதைத் தொழில்நுட்பச் சாதனை என்று மட்டும் பார்க்கவில்லை. ஒரு விதவையின் தனிமை, வெளிச்சத்தை நோக்கிப் போகும் பூச்சி, சாவு, இந்த மூன்றையும் வைத்துக் கதை பண்ணுகிறார் ஒருவர். அந்தக் கதைக்கு வெளிச்சமே ஒரு பாத்திரம். அதைப் பொய் விளக்கால் சொல்லியிருந்தால் படம் படுத்திருக்கும். 1999 மார்ச்சில் சிறந்த அனிமேஷன் குறும்படத்துக்கான ஆஸ்கார் அதற்குக் கிடைத்தது. என் கணக்கில் ப்ளூ ஸ்கை எடுத்த மிகச் சிறந்த இரண்டு படைப்புகளில் ஒன்று அது.

2002இல் ‘ஐஸ் ஏஜ்’. அதற்கு முன்பே ஃபாக்ஸ் நிறுவனம் ஸ்டூடியோவை வாங்கிவிட்டது. கிட்டத்தட்ட 6 கோடி டாலரில் எடுத்த படம் 38 கோடி வசூலித்தது. அணில் ஸ்கிராட் முதலில் சிறிய பாத்திரம்தான். டிரெய்லரில் அதைப் பார்த்து ஜனங்கள் சிரித்த சிரிப்பில் படத்துக்குள் அதற்கு இடம் கூடியது. அதற்குக் குரல், அதாவது அந்தக் கீச்சலும் மூச்சிரைப்பும், இயக்குநர் கிறிஸ் வெட்ஜே கொடுத்தது.

ஆனால் அந்தப் படத்தில் எனக்குப் பெரிய காட்சி அணில் வருவது இல்லை. குகை ஓவியக் காட்சி. உங்கள் மகள் இத்தனை தடவை பார்த்திருக்கிறாள் என்றால் அவளுக்கு நன்றாகவே தெரிந்திருக்கும். மேனி என்ற மம்மூத், அதாவது ரோமம் அடர்ந்த ஆதிகால யானை, ஒரு குகைச் சுவரில் தன் இனத்தின் ஓவியங்களைப் பார்க்கிறான். கோடுகள் அசைய ஆரம்பிக்கின்றன. ஒரு மம்மூத் குடும்பம், விளையாடும் குட்டி, பிறகு ஈட்டியோடு மனிதர்கள். மேனி ஏன் யாரோடும் சேராமல் தனியாகவே நடக்கிறான் என்பதற்கு ஒரு வார்த்தை விளக்கம் கிடையாது. பக்கத்தில் நின்று வளவளக்கும் அவன் தோழன் சிட் கூட, அதட்டியதும் வாயை மூடிக்கொள்கிறான். மேனியின் குடும்பத்தைக் கொன்றது மனிதர்கள், அவன் இப்போது காப்பாற்றிக்கொண்டு போவதும் மனிதக் குழந்தையை. இதை யாரும் எடுத்துச் சொல்லாமல் நாமே உணர்ந்துகொள்ளும்படி விட்டுவிடுகிறார்கள். அந்தத் துணிச்சல் பின்னால் வந்த நான்கு பாகங்களில் இல்லை. மூன்றாம் பாகம் குதூகலமாகப் போகும், அது வேறு. ஐந்தாம் பாகம் வந்தபோது பூமி மேல் விண்கல் விழவைக்கும் அளவுக்கு அணிலை இழுத்திருந்தார்கள். உங்கள் மைத்துனருக்கு வந்த சலிப்பு அங்கே நியாயமானது.

நடுவில் வந்தவற்றைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். ‘ரோபோட்ஸ்’ (2005) படத்தின் உலோகமும் துருவும் பிரதிபலிப்பும் கண்ணுக்கு விருந்து; ஒளியைச் சரியாகக் கணக்கிடத் தெரிந்தவர்களால் மட்டும் அந்த நகரத்தைச் செய்திருக்க முடியும். கதை அந்த அளவுக்கு இல்லை. ‘எபிக்’ (2013) படத்தின் காட்டுக்கும் இதையேதான் சொல்வேன். ‘ஃபெர்டினாண்ட்’ (2017), சண்டை போட மறுக்கும் காளையின் கதை, நல்ல மனசோடு எடுக்கப்பட்ட படம், ஆஸ்காருக்குப் பரிந்துரையானது.

‘ரியோ’வை (2011) மட்டும் இப்படித் தாண்டிப் போக மனசு வரவில்லை. இயக்குநர் கார்லோஸ் சல்தான்யா பிறந்த ஊரே ரியோ டி ஜெனிரோ. சொந்த ஊரை எடுக்கிறவர்களுக்கு வரும் உரிமையும் பெருமையும் படம் முழுக்கத் தெரியும். அதில் வரும் நீலக்கிளி கற்பனை இல்லை. ஸ்பிக்ஸ் மக்கா என்ற நிஜப் பறவை. பிரேசிலின் வடகிழக்கில் காட்டிங்கா என்ற வறண்ட புதர்க்காட்டில் வாழ்ந்தது. 2000ஆம் ஆண்டோடு காட்டில் கண்ணில் படாமலே போய்விட்டது. கூண்டுகளில் வளர்த்த பறவைகளை 2022இல் மறுபடி அந்த மண்ணிலேயே பறக்கவிட்டார்கள். மகளிடம் இதைச் சொல்லிவிட்டுப் படத்தைப் போடுங்கள், அவள் வேறு மாதிரி பார்ப்பாள்.

சரி, மிகச் சிறந்த இரண்டில் ஒன்று ‘பன்னி’ என்றேனே, இன்னொன்று எது? ‘தி பீனட்ஸ் மூவி’ (2015).

சார்லஸ் ஷுல்ஸ் 1950 முதல் 2000இல் இறக்கும் வரை வரைந்த செய்தித்தாள் கார்ட்டூன் தொடர் அது. சார்லி பிரவுன், ஸ்னூப்பி எல்லாம் அதில்தான். ஷுல்ஸின் கோடு லேசாக நடுங்கும். சார்லி பிரவுனின் தலையை முன்பக்கமாக ஒரு விதமாகவும் பக்கவாட்டில் வேறு விதமாகவும் வரைவார். இரண்டையும் சேர்த்து ஒரே உருண்டையான முப்பரிமாணத் தலை செய்ய முடியாது. கணினிக்கு உருண்டைதான் சுலபம், இந்தக் கோடு பெரும் சிக்கல். அவர்கள் நினைத்திருந்தால் ‘இது நவீன காலம்’ என்று சொல்லி சார்லிக்குப் பொம்மைக் கண்ணும் பளபளப்பான கன்னமும் வைத்திருக்கலாம். வசூலுக்கும் அது பாதகமாக இருந்திருக்காது.

இயக்குநர் ஸ்டீவ் மார்ட்டினோவும் அவர் குழுவும் அதைச் செய்யவில்லை. ஷுல்ஸின் பழைய தாள்களை உட்கார்ந்து படித்தார்கள். புருவமும் வாயும் பேனாக் கோடாகவே இருக்கட்டும் என்று முடிவு பண்ணினார்கள். தலை திரும்பும்போது வழவழப்பாகத் திருப்பாமல், ஷுல்ஸ் வரைந்த ஒரு நிலையிலிருந்து இன்னொரு நிலைக்குச் சட்டென்று தாவவைத்தார்கள். நொடிக்கு 24 பிரேம், அதாவது 24 தனிப் படங்கள், இருந்தாலும், கையால் வரைந்த பழைய படங்களின் நடை வருவதற்காக ஒவ்வொரு நிலையையும் இரண்டு பிரேம் நிறுத்தினார்கள். ஸ்னூப்பிக்குப் புதுக் குரல் தேடவில்லை. பழைய தொலைக்காட்சிப் படங்களில் பில் மெலெண்டெஸ் கொடுத்த குரல் பதிவுகளையே எடுத்தாண்டார்கள்.

வெளிச்சம் எப்படி நடந்துகொள்ளும் என்று முப்பது வருஷம் படித்தவர்கள், செத்துப்போன ஒரு கலைஞனின் கோடு கெட்டுவிடக் கூடாது என்பதற்காகத் தங்கள் வித்தை மொத்தத்தையும் அடக்கி வாசித்தார்கள். பனியிலும் ஸ்னூப்பியின் ரோமத்திலும் மட்டும் அது மெல்லத் தெரியும். எனக்கு இதைவிடப் பெரிய தேர்ச்சி எதுவும் தோன்றவில்லை. அணில் கம்பெனி என்று சொல்கிறவர்களிடம் நான் காட்டுவது இந்தப் படத்தைத்தான்.

இனி உங்கள் இரண்டாவது கேள்வி. அணில் அலுத்ததால் மூடினார்கள் என்பது உண்மை இல்லை. கடைசிப் படங்களின் வசூல் குறைந்தது உண்மை. 2019 டிசம்பரில் வந்த ‘ஸ்பைஸ் இன் டிஸ்கைஸ்’ சரியாகப் போகவில்லை. ஆனால் அதற்கு முன்பே, 2019 மார்ச்சில், டிஸ்னி சுமார் 7,100 கோடி டாலருக்கு ஃபாக்ஸின் பெரும்பகுதியை வாங்கியிருந்தது. அந்த மூட்டையில் ப்ளூ ஸ்கையும் சேர்ந்து போனது. டிஸ்னியிடம் தன் சொந்த அனிமேஷன் ஸ்டூடியோவும் பிக்ஸாரும் ஏற்கெனவே இருந்தன. அப்புறம் கொரோனா வந்தது. 2021 பிப்ரவரியில் மூடப்போகிறோம் என்று அறிவித்தார்கள், ஏப்ரலில் மூடினார்கள். ஏறத்தாழ 450 பேருக்கு வேலை போனது. பெரிய ஸ்டூடியோக்கள் அநேகமாகக் கலிஃபோர்னியாவில் இருக்கின்றன. இவர்கள் இருந்தது நாட்டின் மறுகோடியில், கனெக்டிகட் மாநிலத்தின் கிரீனிச்சில். வீடும் பிள்ளைகளின் பள்ளியும் அங்கே. ஓர் ஊரில் மில் மூடினால் என்ன ஆகுமோ அதுதான் ஆனது.

எனக்கு இதில் ஆறாத கோபம் ஒன்று உண்டு. மூடும்போது அவர்கள் கையில் ‘நிமோனா’ என்ற படம் பெரும்பகுதி முடிந்த நிலையில் இருந்தது. 2022 ஜனவரியில் வெளியாக வேண்டியது. அதை அப்படியே கைவிட்டார்கள். பின்பு அன்னபூர்ணா நிறுவனம் எடுத்துக்கொண்டு, டிஎன்இஜி என்ற ஸ்டூடியோ அனிமேஷன் செய்து, 2023இல் நெட்ஃப்ளிக்ஸில் வந்தது; ஆஸ்கார் பரிந்துரையும் பெற்றது. ப்ளூ ஸ்கையில் அதை இயக்கிக்கொண்டிருந்த நிக் புருனோ, ட்ராய் குவேன் இருவரே முடித்தும் கொடுத்தார்கள். சந்தோஷம்தான். ஆனால் அதைக் கிரீனிச்சில் வளர்த்தவர்களில் பெரும்பாலானோர் முடித்துப் பார்க்க முடியவில்லை. அவர்களின் மென்பொருள் வழியாக அந்தப் படம் எப்படி ஒளிர்ந்திருக்கும் என்று இனி யாரும் பார்க்கப்போவதில்லை. ஒரு ஸ்டூடியோவை மூடும்போது எடுத்த படங்கள் தங்கிவிடும். கூட்டாகச் சேர்ந்து வந்த கைப்பழக்கம் நாலா திசைக்கும் போய்விடும். 300 கோடி டாலர் ஈட்டிக் கொடுத்தவர்களுக்கு, கையில் இருந்ததை முடிக்க ஒரு வருஷம் கொடுத்திருக்கலாம்.

மகளுக்கு அடுத்து என்ன போடுவது என்று கேட்டால், முதலில் ‘ரியோ’, அப்புறம் ‘பீனட்ஸ்’. ‘பன்னி’யை நீங்கள் முதலில் தனியாகப் பாருங்கள்; சாவைப் பற்றிய படம் என்பதால் எப்போது காட்டுவது என்று உங்களுக்குத்தான் தெரியும். ‘நிமோனா’ அவள் இன்னும் இரண்டு மூன்று வகுப்பு ஏறிய பிறகு. மைத்துனரிடம் ‘பீனட்ஸ்’ படத்தின் தலைத் திருப்பங்களை ஒவ்வொரு பிரேமாக நிறுத்திப் பார்க்கச் சொல்லுங்கள். அவர் என்ன சொன்னார் என்று எனக்கு எழுதுங்கள்.