கேள்வி – பதில்: பள்ளியின் பத்திரம் யார் பெயரில்?

ஒரு வாசகி, நாசரேத்: எங்கள் சபையில் பெண்கள் ஞாயிறன்று ஆராதனை முழுவதையும் பெண்களே நடத்துகிறோம். மறுவாரமே கோலப்பொடியும் பூச்சாடியும் அசன வேலையும்தான் எங்களுக்கு மிஞ்சுகின்றன. ஓய்வுநாள் பள்ளிக்கும் காணிக்கை திரட்டுவதற்கும் ஆயுள் முழுவதையும் கொடுத்த பெண்களின் பெயர் சபை வரலாற்று மலர்களில் வருவதே அரிது. கடல் கடந்து போன மிஷனெரி அம்மையார்கள் அல்லாமல், தம் சொந்த சபையிலேயே இருந்து கல்விக்காக உழைத்த ஒரு பெண்மணியைப் பற்றிச் சொல்வீர்களா?

பதில்: அமெரிக்கக் கறுப்பினப் பாப்டிஸ்ட் சபைகளில் வாழ்ந்த நேனி ஹெலன் பரோஸ் அம்மையாரைப் பற்றிச் சொல்கிறேன். அவர் 1879-இல் வர்ஜீனியா மாநிலத்தின் ஆரஞ்சு என்னும் ஊரில், அடிமைத்தளையிலிருந்து விடுபட்ட தலைமுறையின் பேத்தியாகப் பிறந்தார். சிறு வயதிலேயே தாயாருடன் வாஷிங்டன் நகருக்கு வந்து, அங்குக் கறுப்பினப் பிள்ளைகளுக்கென இருந்த எம் ஸ்ட்ரீட் உயர்நிலைப் பள்ளியில் 1896-இல் படிப்பை முடித்தார். அந்நகரப் பள்ளிகளில் மனையியல் ஆசிரியப் பணிக்கு விண்ணப்பித்தபோது அவருக்கு இடம் கிடைக்கவில்லை. ஆள்பலமும் சிபாரிசும் இல்லாத ஏழைப் பெண்களுக்கும் இடமளிக்கிற ஒரு பள்ளியைத் தாமே தொடங்க வேண்டும் என்ற எண்ணம் அந்த ஏமாற்றத்திலிருந்துதான் பிறந்தது என்று அவரே பின்னாளில் கூறியிருக்கிறார்.

பேராயரும் டயோசிஸும் பழகிப்போன நம் வாசகர்களுக்கு இங்கே ஒன்றை விளக்க வேண்டும். பாப்டிஸ்டுகளுக்குப் பேராயர் கிடையாது. ஒவ்வொரு சபையும் தன்னைத் தானே ஆண்டுகொள்ளும். மிஷன் பணி, அச்சகம், பள்ளி போன்ற பொதுக் காரியங்களுக்காகச் சபைகள் மனமொத்துக் கூடும் அமைப்புக்குக் கன்வென்ஷன் என்று பெயர். கறுப்பினப் பாப்டிஸ்டுகளின் தேசிய கன்வென்ஷன் 1895-இல் அமைந்தது. அதன் மேடையில் போதகர்கள் பேசினார்கள். அதற்கான பணத்தில் பெரும்பங்கைத் திரட்டியவர்களோ பெண்கள். 1900-இல் ரிச்மண்ட் நகரில் கூடிய மாநாட்டில், 21 வயதே நிரம்பியிருந்த பரோஸ் எழுந்து, சகோதரிகள் உதவிசெய்ய விடாமல் எவ்வாறு தடுக்கப்படுகிறார்கள் என்பதையே தலைப்பாக வைத்து உரையாற்றினார். அதே கூட்டத்தில் பெண்களுக்கென ஒரு தனிக் கன்வென்ஷன் உருவாயிற்று. அதன் தலைவியாக எஸ். வில்லி லேட்டன் அம்மையாரும் தொடர்புச் செயலாளராகப் பரோஸும் தேர்ந்தெடுக்கப்பட்டனர். அந்தச் செயலாளர் பொறுப்பில் 48 ஆண்டுகள் இருந்துவிட்டு, 1948 முதல் 1961-இல் காலமாகும் வரை அதன் தலைவியாகவும் அவர் பணியாற்றினார்.

முதலாண்டு முடிவில் அவர் கொடுத்த அறிக்கை இன்றும் படிப்பவரை மலைக்க வைக்கும். 22,125 மைல் பயணம், 215 சொற்பொழிவுகள், எழுதிய கடிதங்கள் 9,235, வந்த கடிதங்கள் 4,820. கணக்குப் போட்டால் நாளொன்றுக்கு இருபத்தைந்து கடிதங்கள் ஆகின்றன. கறுப்பினத்தவருக்கெனத் தனியே ஒதுக்கப்பட்ட ரயில் பெட்டிகளில் தென் மாநிலங்களைச் சுற்றிக்கொண்டே இதைச் செய்திருக்கிறார். 1907-க்குள் அந்தப் பெண்கள் கன்வென்ஷன் பதினைந்து லட்சம் பேரைத் தன் உறுப்பினராகச் சொல்லிக்கொள்ளும் அளவுக்கு வளர்ந்துவிட்டது. சபைகளில் பெண்களுக்கென ஒரு ஞாயிற்றுக்கிழமையை ஒதுக்க வேண்டும் என்று 1906-இல் முன்மொழிந்தவரும் அவரே. அந்த நாள் காணிக்கைப் பை நிரம்புவதற்காக அல்ல, பெண்கள் சபையின் முன் நின்று பேசிப் பழகுவதற்காகவே என்று அவர் திரும்பத் திரும்ப வலியுறுத்த வேண்டியிருந்தது. காணிக்கைதான் முதலில் நிரம்பியது என்பதை உங்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை.

ஒரு வாசகர், சேலம்: பரோஸ் அம்மையாரின் பள்ளிக்கு வேதாகமம், குளியல், துடைப்பம் என்ற மூன்றும்தான் அடையாளம் என்று படித்தேன். வெள்ளையர் வீடுகளுக்கு நல்ல வேலைக்காரிகளைத் தயாரித்து அனுப்புவதைக் கிறிஸ்தவக் கல்வி என்று எப்படி அழைப்பது?

பதில்: நியாயமான கேள்வி, அவர் காலத்திலேயே இது கேட்கப்பட்டது. 1909 அக்டோபரில், வாஷிங்டனின் வடகிழக்கு மூலையில் லிங்கன் ஹைட்ஸ் என்னும் குன்றின்மேல், ஆறு ஏக்கர் நிலத்தில், விரல்விட்டு எண்ணக்கூடிய மாணவியரோடு ‘பெண்களுக்கும் சிறுமியருக்குமான தேசியப் பயிற்சிப் பள்ளி’ திறக்கப்பட்டது. ஆங்கிலத்தில் பைபிள், பாத், புரூம் என்று மூன்றும் ஒரே எழுத்தில் தொடங்குவதால் அந்த முழக்கம் எளிதில் பரவிவிட்டது. பள்ளியின் பாடத்திட்டமோ அதைவிட மிக விரிவானது. வீட்டு நிர்வாகம், சலவை நிலைய மேலாண்மை, நோயாளியைப் பேணுதல் ஆகியவற்றோடு, அச்சுக்கோப்பு, கணக்குப்பதிவு, சுருக்கெழுத்து, முடிதிருத்தம், காலணி பழுதுபார்த்தல் என ஆண்களுக்கே உரியவை எனக் கருதப்பட்ட தொழில்களும் அங்கே கற்பிக்கப்பட்டன. சபைகளுக்கான மிஷனெரிப் பணியாளர்களும் ஓய்வுநாள் பள்ளி ஆசிரியைகளும் அங்கே பயிற்சி பெற்றார்கள். கறுப்பின வரலாறு கட்டாயப் பாடமாக இருந்தது; அதில் தேறாமல் எந்த மாணவியும் வெளியேற முடியாது.

அன்று நகரங்களில் கூலிக்குப் போன கறுப்பினப் பெண்களில் பெரும்பாலோருக்கு வீட்டு வேலையும் சலவையும் தவிர வேறு வழியில்லை. அந்த வேலையைக் கேவலம் என்று பேசிவிட்டுப் போவதைவிட, அதைத் தேர்ச்சியுள்ள தொழிலாக்கி அதற்குரிய கூலியைக் கேட்பதே மேல் என்பது அவரது வாதம். வாதத்தோடு அவர் நிற்கவில்லை. 1921-இல் கூலிப் பெண்களுக்கென ஒரு தேசியச் சங்கத்தைத் தொடங்கித் தாமே தலைவியானார்; கல்வியாளர் மேரி மக்லியோட் பெத்யூன் அதன் துணைத் தலைவியாக இருந்தார். அச்சங்கம் நீண்ட நாள் நிலைக்கவில்லை. ஆயினும், எசமானிகளுக்கு ஆள் பிடித்துக் கொடுக்கும் ஒருவர் அந்த ஆட்களுக்கே சங்கம் அமைத்திருப்பாரா என்பதை நீங்கள் எண்ணிப் பார்க்க வேண்டும். அதே சமயம், தூய்மை, உடை, ஒழுக்கம் ஆகியவற்றில் ஏழைப் பெண்களிடம் அவர் காட்டிய கண்டிப்பு சில இடங்களில் கடுமையாகவே ஒலிக்கிறது என்பதை நானும் ஒப்புக்கொள்கிறேன். வெள்ளையர் குறை சொல்ல இடம் தரக்கூடாது என்ற கவலை அந்தத் தலைமுறைத் தலைவிகள் பலரை அவ்வாறு பேச வைத்தது.

ஒரு வாசகர், மதுரை: அவருக்கும் கன்வென்ஷன் தலைமைக்கும் பல்லாண்டுக் காலம் பூசல் இருந்ததாமே? சபைத் தலைவர்களுக்குக் கீழ்ப்படியாதவரை ஊழியத்துக்கு எடுத்துக்காட்டாகச் சொல்லலாமா?

பதில்: பூசல் பள்ளியின் பத்திரத்தைப் பற்றியது. பள்ளி கன்வென்ஷனின் ஆசியோடு தொடங்கியது உண்மை. ஆனால் அதன் நிலமும் கட்டடங்களும் தனியாகப் பதிவுசெய்யப்பட்ட ஒரு அறங்காவலர் குழுவிடம் இருந்தன. அதற்கான பணம் பெரும்பாலும் கறுப்பினப் பெண்களின் சில்லறைக் காசாகவே வந்தது. ரிச்மண்டில் வங்கி நடத்திய மேகி வாக்கர் அம்மையார் கொடுத்த 500 டாலர் அந்நாளில் பெரிய நன்கொடையாகக் கருதப்பட்டது என்றால், மற்றவை எத்தகைய தொகைகள் என்று ஊகித்துக்கொள்ளலாம். சொத்துரிமையைத் தங்கள் பெயருக்கு மாற்ற வேண்டும் என்று கன்வென்ஷன் தலைவர்கள் கேட்டார்கள், அவர் மறுத்தார். பல ஆண்டு இழுபறிக்குப் பின், 1938-இல் கன்வென்ஷன் பள்ளிக்கான தன் ஆதரவை விலக்கிக்கொண்டது.

அப்போதும் பெண்கள் கன்வென்ஷன் அவரைச் செயலாளர் பதவியிலிருந்து இறக்கவில்லை. அவரும் பாப்டிஸ்ட் சபையை விட்டு வெளியேறவில்லை. ஞாயிற்றுக்கிழமை ஆலயத்துக்குப் போவார். திங்கட்கிழமை பத்திரத்தைக் கேட்டு வரும் கடிதத்துக்கு மறுப்பு எழுதுவார். கீழ்ப்படிதல் என்று நீங்கள் எழுதியிருக்கிறீர்கள். போதகர் பேச்சைத் தட்டக்கூடாது என்று வளர்க்கப்பட்ட நமக்கு அது இயல்பாகத் தோன்றலாம். ஆனால் ஒவ்வொரு விசுவாசியும் தேவனுக்கு முன் தானே பொறுப்பாளி என்று போதிக்கும் பாப்டிஸ்ட் மரபுக்குள் நின்று பார்த்தால், சலவைக்காரப் பெண்கள் தந்த காசுக்குக் கணக்குக் காப்பதும் ஊழியத்தின் பகுதியே. அவர் பத்திரத்தைக் கைமாற்றிக் கொடுத்திருந்தால், சபைக்குள் குழு பிரியும் ஒவ்வொரு முறையும் பள்ளியும் வழக்கு மன்றப் படி ஏறியிருக்கும் என்றே நான் கருதுகிறேன். 1915-இல் அச்சகத்தின் உரிமையைக் கேட்டு அந்தக் கன்வென்ஷன் இரண்டாக உடைந்ததை அவர் கண்ணெதிரே கண்டவர்.

ஒரு வாசகி, கோயம்புத்தூர்: மார்ட்டின் லூதர் கிங்குக்கும் அவருக்கும் தொடர்பு உண்டா? அவருடைய பள்ளி இப்போதும் நடக்கிறதா?

பதில்: உண்டு. 1954 செப்டம்பரில், மான்ட்கமரியில் புதிதாகப் போதகப் பொறுப்பேற்றிருந்த 25 வயதுக் கிங்கைப் பெண்கள் கன்வென்ஷனில் பேச அழைத்தவர் பரோஸ். பேருந்துகளில் கறுப்பினத்தவர் பிரித்து உட்கார வைக்கப்பட்டதை எதிர்த்து அவர் தலைமையில் நடந்த புறக்கணிப்புப் போராட்டமும் அதனால் கிங்குக்கு வந்த புகழும் அதற்கு ஓராண்டுக்குப் பிறகே வந்தன.

பள்ளிக்கு 1964-இல் அவருடைய பெயர் சூட்டப்பட்டது. அந்த வழியே செல்லும் சாலையும் இன்று அவர் பெயரையே தாங்குகிறது. அவரது கடிதங்களும் ஏடுகளும் அமெரிக்க நாடாளுமன்ற நூலகத்தில் பாதுகாக்கப்படுகின்றன. அவர் உருவாக்கிய பயிற்சிப் பள்ளி இப்போது இல்லை. 1920-களின் இறுதியில் அவர் கட்டிய தொழிற்கூடக் கட்டடம் 1991-இல் தேசிய வரலாற்றுச் சின்னமாக அறிவிக்கப்பட்டது. அவர் மறைந்த அதே 1961-இல், தேசிய கன்வென்ஷனிலிருந்து கிங்கின் நண்பர்கள் பிரிந்து முற்போக்குத் தேசிய பாப்டிஸ்ட் கன்வென்ஷனைத் தொடங்கினார்கள். அந்தக் கட்டடத்தில் பின்னர் அவர்களுடைய தலைமையகம் அமைந்தது.